திறந்து பார்க்காத நகல்

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலின் பத்தாவது அலகு கணினிமயக் கணக்கியல் முறை. அதுவே கடைசி அலகு. திருப்புதல் தேர்வுகள் நெருங்கும் நேரத்தில் வருவதால், இரண்டு மூன்று பாடவேளைகளில் முடித்துவிட்டுக் கூட்டாண்மைக் கணக்குகளுக்குத் திரும்பிவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவுமே என்று, பாடத்தோடு சேர்த்து ‘காப்பு நகல் எடுக்கும் முறை’ என்று கரும்பலகையில் ஐந்து வரிகள் எழுதிப் போடுவேன். டேலியில் எந்த இடத்தை அழுத்த வேண்டும், எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எங்கே சேமிக்க வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். சேமிக்கும் இடம் என்ற வரியில் ‘டி டிரைவ்’ என்று எழுதுவேன். எங்கள் ஆய்வகத்தில் அதுதான் வழக்கம்.

அந்த ஐந்து வரிகளை நம்பி ஒரு பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ஓர் ஐப்பசி மாலையில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு தொலைபேசி அழைப்பு

அவள் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டே, ஊரில் உள்ள சிமெண்டு, கம்பி கடை ஒன்றில் கணக்கு எழுதப் போயிருந்தாள். முதல் நாள் இரவு இடி மின்னலோடு மழை. காலையில் கடைக் கணினி எழவே இல்லை. பழுது பார்ப்பவர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

“பேக்கப் எடுத்து வச்சிருந்தியா கண்ணு?” என்று கேட்டேன்.

“தினமும் எடுத்தேனுங்க டீச்சர். நீங்க எழுதிப் போட்ட மாதிரியே டி டிரைவுல எடுத்தேன். மாசக் கடைசியில பென் டிரைவுலயும் எடுத்தேன்.”

டி டிரைவ் என்பது தனிப் பெட்டி அன்று. ஒரே ஹார்டு டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்ததில் அது ஒரு பாதி. வீடு இடிந்தால் கூடமும் போகும், சமையலறையும் போகும். தினமும் எடுத்த நகல்கள் எல்லாம் மூலத்தோடு சேர்ந்தே போய்விட்டன.

பென் டிரைவ் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதிலும் அடி. ஏப்ரல் மாதம் புதிய நிதியாண்டு தொடங்கியபோது, கடையின் கணக்கைப் பிரித்துப் புதிய ஆண்டுக்கு டேலியில் தனி நிறுவனமாக உருவாக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். இவள் பழகிய கையோடு மாதாமாதம் பழைய நிறுவனத்தையே தேர்ந்தெடுத்து நகல் எடுத்து வந்திருக்கிறாள். கோப்பின் தேதி அக்டோபர் 31 என்று காட்டியது. உள்ளே இருந்ததோ மார்ச் 31 வரையிலான கணக்கு. ஏழு மாதக் கணக்கு இல்லை.

அடுத்த இரண்டு மாதம் அவள் அதைத் திரும்ப எழுதினாள். பதிவு பெற்ற வணிகர்களுக்கு விற்ற பில்கள் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. காசோலையிலும் யுபிஐயிலும் வந்த பணம் வங்கி அறிக்கையில் கிடைத்தது. பதிவு பெறாத சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றது இணையதளத்தில் மொத்தத் தொகையாக மட்டுமே இருந்தது. அவற்றை பில் புத்தகத்தின் கார்பன் பிரதியைப் பார்த்து எழுதினாள். ஆனால் மேஸ்திரிகளும் வீடு கட்டுவோரும் கையில் கொடுத்துவிட்டுப் போன ரொக்கம்? அது டேலியில் மட்டுமே பதிவாகியிருந்தது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று கடையில் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கொடுத்து முடித்தவரிடமே போய் மறுபடி கேட்கும் நிலை. “பணம் போனதுகூடப் பெருசில்லைங்க டீச்சர். பதினஞ்சு வருசமா வர்ற மேஸ்திரி ஒருத்தரு, ‘என்னைப் பொய் சொல்றேன்னு நெனைக்கிறியாம்மா’ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு” என்றாள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. “நீங்க சொன்னபடிதான் எடுத்தேன்” என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள். அன்று இரவு என் பாடக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நகல் எடுப்பதற்கு ஐந்து வரிகள் இருந்தன. எடுத்த நகலைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த ஆண்டு இந்தப் பகுதியை நான்கு பாடவேளைகளாக மாற்றி அமைத்தேன். வணிகவியல், கணினிப் பயன்பாடுகள் நடத்தும் ஆசிரியர்களுக்கு உதவலாம் என்பதால் அதை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: தொலைந்தால் யாருக்குப் பதில் சொல்வீர்கள்?

வரையறையோடு தொடங்காமல் ஒரு கேள்வியோடு தொடங்கினேன். “இன்று இரவு உங்கள் வீட்டு வரவு செலவு, தொழில் கணக்கு எல்லாம் காணாமல் போனால், நாளைக் காலை முதலில் யாருக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்?”

பதில்கள் வரிசையாக வந்தன. அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர்; குழுவில் யார் எத்தனை தவணை கட்டினார்கள் என்பது ஒரே நோட்டில் இருக்கிறது என்றாள் ஒரு மாணவி. அப்பா தையல்காரர், வாடிக்கையாளர் அளவுகள் எல்லாம் அவருடைய கைப்பேசிப் படங்களில் இருக்கின்றன என்றான் இன்னொருவன். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, நெல் அறுவடை இயந்திர வாடகைக் கணக்கு என்று கரும்பலகை நிறைந்தது. ‘வணிகத் தரவு’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு எண்களை எழுதச் சொன்னேன். எத்தனை நாள் பதிவை இழந்தால் தாங்கும்? கணக்கு இல்லாமல் எத்தனை நாள் தொழில் ஓடும்? தையல்காரர் மகன், “ஒரு வாரம் பரவாயில்லை, தீபாவளி சமயத்தில் ஒரு நாள்கூட முடியாது” என்றான். நகலை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்பதை முதல் எண் முடிவு செய்கிறது. அந்த நகலை எவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது என்பதை இரண்டாம் எண் முடிவு செய்கிறது. தினம் ஐம்பது பில் போடும் கடைக்கு மாதம் ஒரு நகல் போதாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.

இரண்டாம் பாடவேளை: எத்தனை நகல், எங்கே?

நகல் எடுப்பது நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளைச் செல்லரித்துப் போவதற்குமுன் படியெடுத்துப் படியெடுத்தே நம் நூல்கள் பல நூற்றாண்டுகளைக் கடந்தன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்ததற்கு, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பிரதிகள் தப்பியிருந்தது ஒரு காரணம். ஒரு பிரதியில் சிதைந்த இடத்தை இன்னொரு பிரதி காட்டிக்கொடுத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் நிரந்தரமாக அழிந்தன. இந்த இரண்டையும் சொன்ன பிறகு, நகல்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்ற விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த விதிக்கு இன்று கணினித் துறையில் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று பெயர். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக், எண்ணிமப் படங்களைப் பாதுகாப்பது பற்றிய தம் நூலில் எழுதிப் பரவலாக்கியது இது. மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைக்கு இதை இப்படிச் சொல்லலாம்: கணினியில் உள்ளது ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, முதலாளி வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று.

‘வேறு இடம்’ என்பதை மாணவர்கள் எளிதில் விட்டுவிடுவார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. மூலத்தையும் காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் வழங்கியது. அந்தப் பதிவுகள் துறைகளிடம் வேறு இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

இந்தப் பாடவேளையில் மாணவர்கள் கட்டாயம் கேட்கும் மூன்று கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும்:

“பென் டிரைவை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் வசதிதானே?” வசதிதான். ஆனால் 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிய வான்னாகிரை போன்ற பணயத் தீநிரல்கள், கணினியோடு இணைந்திருக்கும் டிரைவ்களில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றி வைத்த டிரைவை அவற்றால் தொட முடியாது.

“கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே கோப்பு தானாகவே ஒத்திசைகிறதே, அது நகல் ஆகாதா?” ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் போன கோப்பு 30 நாள் வரைதான் இருக்கும். அதற்குள் கவனித்தால் தப்பினோம்.

“ஒரே நகலின்மேல் தினமும் புதிய நகலை எழுதிக்கொண்டே போனால் என்ன?” தவறு நடந்து ஒரு வாரம் கழித்துத் தெரியவந்தால், தவறான கணக்குதான் நகலிலும் இருக்கும். இதற்குத் ‘தாத்தா, அப்பா, மகன்’ என்றொரு முறை உண்டு. தினசரி நகல் மகன். வாரக் கடைசியில் எடுத்துத் தனியே வைப்பது அப்பா. மாதக் கடைசியில் எடுத்து வைப்பது தாத்தா. மகன் மேல் புதிதாக எழுதலாம். தாத்தாவைத் தொடக் கூடாது. வகுப்பு சிரித்தது. ஆனால் தேர்வில் ஒருவர்கூட இதை மறக்கவில்லை.

மூன்றாம் பாடவேளை: காப்பு நகலும் ஆவணக் காப்பும்

இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறோம். நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த கணக்கை நாளைக்கே மீட்பதற்கு எடுப்பது காப்பு நகல். முடிந்துபோன கணக்கை, இனி யாரும் திருத்தாதபடி, பல ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் காட்டும்படி வைப்பது ஆவணக் காப்பு. காப்பு நகலை மாற்றிக்கொண்டே இருப்போம். ஆவணத்தை மாற்றவே மாட்டோம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அங்கே உள்ள பழைய அரசுக் கோப்புகளில் இன்று யாரும் புதிதாகக் குறிப்பு எழுதுவதில்லை. பார்க்கலாம், படியெடுக்கலாம்.

எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளை வைத்திருக்க வேண்டும். இதை ஒரு கணக்காகவே வகுப்பில் போடலாம். 2023-24ஆம் நிதியாண்டுக்கு ஆண்டறிக்கையின் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதங்கள் என்றால் 2030 டிசம்பர் 31 வரை. வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் இன்னும் நீளும். நிறுமங்களாக இருந்தால், நிறுமங்கள் சட்டம் 2013, முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்கேடுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. கணினியில் பேணும் கணக்கேடுகளின் காப்பு நகலை இந்தியாவில் உள்ள சேவையகத்தில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று, 2022 ஆகஸ்டில் நிறுமங்களுக்கான கணக்கு விதிகளில் திருத்தம் வந்தது. முன்பு அவ்வப்போது என்றிருந்தது இப்போது நாள்தோறும் என்றாகிவிட்டது. நம் பிள்ளைகள் நாளை பெரிய நிறுமங்களில் வேலைக்குப் போனால் முதல் நாளே இந்தத் திருத்தம் அவர்கள் முன் நிற்கும்.

எட்டு ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறக்க மென்பொருள் இருக்குமா என்பதையும் யோசிக்கச் சொன்னேன். ஃபிளாப்பியில் சேமித்த எதையும் இன்று நம்மால் எளிதில் படிக்க முடிவதில்லை. அதனால் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் டேலிக் கோப்போடு, இருப்பாய்வு, பேரேடு, நாளேடு ஆகியவற்றைப் பிடிஎஃப் கோப்புகளாகவும் வெளியே எடுத்து வைப்பது நல்லது. முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வைக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனத்திற்கு மாற்ற வேண்டும். சுவடியைப் படியெடுத்த அதே வேலைதான்.

இதே பாடவேளையில் பாதுகாப்பையும் பேசினோம். நகல் மூன்று என்றால் திருடு போகும் வாய்ப்பும் மூன்று. கடையின் பென் டிரைவில் வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். அது பேருந்தில் தவறி விழுந்தால் கடைக்காரரின் ரகசியம் மட்டும் போவதில்லை. அவரை நம்பி விவரம் கொடுத்தவர்களின் விவரமும் போகிறது. 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததன் நோக்கமும் இந்தப் பொறுப்பை உணர்த்துவதுதான். எனவே வெளியே எடுத்துச் செல்லும் நகலைக் குறியாக்கம் செய்து பூட்ட வேண்டும். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளே கடவுச்சொல்லோடு ஏஇஎஸ்-256 குறியாக்கம் செய்து தரும். டேலியில் டேலிவால்ட் என்ற வசதி உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. டேலிவால்ட் கடவுச்சொல்லை மறந்தால் அதை மீட்க வழியில்லை. சாவி தொலைந்த பெட்டகம் திருடனுக்கு மட்டுமன்றி நமக்கும் திறக்காது. அந்தக் கடவுச்சொல் கணக்கு எழுதும் பெண்ணின் நினைவில் மட்டும் இருந்தால், அவள் திருமணமாகிப் போகும்போது கடையின் கணக்கும் போய்விடும். அதைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, உரிமையாளரின் பீரோவில் வைக்கச் சொல்ல வேண்டும்.

நான்காம் பாடவேளை: மீட்டெடுப்பு நாள்

இதுவே இந்தப் பாடத்தின் உயிர். ஆய்வகத்தில் எட்டுக் கணினிகள் வேலை செய்தன. எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் டேலியின் கல்வி முறையில் ஒரு கற்பனைக் கடையை உருவாக்கிப் பத்துச் சான்றுச் சீட்டுகளைப் பதிவு செய்தது. கல்வி முறையில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளை மட்டுமே ஏற்கும் என்பதால் அதற்கேற்ப நடவடிக்கைகளைக் கொடுத்தேன். பிறகு பென் டிரைவில் காப்பு நகல் எடுக்கச் சொன்னேன். டேலிபிரைமில் ‘ஆல்ட்’, ‘ஒய்’ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பேக்கப், ரீஸ்டோர் என்ற இரண்டும் ஒரே பட்டியலில் வரும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டில் ஒன்றை மட்டும்தான் இத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நகல் எடுக்கும்முன் ஒவ்வொரு குழுவும் தாளில் மூன்று எண்களைக் குறித்து வைத்தது. இருப்பாய்வின் மொத்தம், கடைசிச் சான்றுச் சீட்டின் எண்ணும் தேதியும், ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் நிலுவை.

மறுநாள் அவர்கள் வருவதற்குள் எட்டுக் கணினிகளிலிருந்தும் தரவுக் கோப்புறைகளை நான் அழித்துவிட்டேன். உள்ளே வந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “இப்போது மீட்டுக் காட்டுங்கள். உங்கள் தாளில் உள்ள மூன்று எண்களும் திரையில் வர வேண்டும்” என்றேன்.

ஐந்து குழுக்கள் மீட்டன. மூன்று குழுக்களால் முடியவில்லை. இரண்டு பென் டிரைவ்களில் கோப்புக்குப் பதிலாகக் குறுக்குவழிச் சின்னம் மட்டுமே நகலாகியிருந்தது. ஒரு கிலோபைட்டுகூட இல்லாத அந்தச் சின்னத்தை அவர்கள் முழுக் கணக்கு என்று நம்பியிருந்தார்கள். மூன்றாவது குழுவின் நகல் நன்றாகவே திறந்தது. எண்கள்தான் ஒத்துவரவில்லை. கிட்டத்தட்ட அதே பெயரில் நான் வேண்டுமென்றே உருவாக்கி வைத்திருந்த இன்னொரு நிறுவனத்தை அவர்கள் நகலெடுத்திருந்தார்கள். சிமெண்டுக் கடையில் நடந்ததேதான். அந்த மூன்று எண்களைப் பார்க்காமல் விட்டிருந்தால், மீட்டுவிட்டோம் என்றே அவர்களும் கைதட்டியிருப்பார்கள்.

பெரிய நிறுவனங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது என்று அப்போது சொன்னேன். 1998இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. காப்பு நகலை எடுத்துப் பார்த்தால், அது பல நாள்களாகச் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து படத்தைக் காப்பாற்றினார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் பல வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. நகல் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தால் வெறுமையாக இருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி கிடைத்ததால் பிழைத்தார்கள். இரண்டு இடத்திலும் நகல் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். “டீச்சர், நீங்க உங்களுதை எடுத்து வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தேன். பல ஆண்டு வினாத்தாள்கள், தேர்ச்சிப் பகுப்பாய்வு எல்லாம் ஒரு பென் டிரைவில் என் கைப்பையிலேயே இருந்தது. எல்லார் முன்னாலும் செருகினேன். டிரைவை முதலில் ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டது. வகுப்பு அமைதியாகிவிட்டது. மடிக்கணினியில் மூலம் இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. இரண்டு ஆண்டு வினாத்தாள்கள் போனது போனதுதான். அன்று நான் நடத்திய பாடத்தில் மாணவர்கள் மனதில் அதிகம் நின்றது அந்த ஒரு நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

மீட்டெடுத்துப் பார்க்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின்மேல் மீட்கக் கூடாது. பழைய நகல் இன்றைய கணக்கை அழித்து எழுதிவிடும். புதிதாக ஒரு கோப்புறையை உருவாக்கி அதில் மீட்க வேண்டும். முடிந்தால் வேறு கணினியில் மீட்பது இன்னும் நல்லது. டேலியில் தரவுக் கோப்புறைக்கு நிறுவனத்தின் பெயர் இருக்காது, ஓர் எண்தான் இருக்கும். ஆகவே எந்த எண் எந்த நிறுவனம் என்பதை எழுதி வைக்கப் பழக்க வேண்டும். நிதியாண்டு மாறும்போதும், கணினி மாறும்போதும், மென்பொருளின் பதிப்பு மாறும்போதும் முதல் நகலை அன்றே திறந்து பார்க்க வேண்டும். பழைய கணினியை விற்கும்போது கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதே எளிய வழி.

ஆய்வகம் இல்லாத பள்ளிகளில் பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் வைத்தே இதை நடத்தலாம். பத்து பில் எழுதச் சொல்லி, மூலத்தை வாங்கிக்கொண்டு, கார்பன் பிரதியிலிருந்து பேரேட்டை எழுதச் சொல்லுங்கள். அழுத்தி எழுதாத பில்கள் எவை என்பது அப்போது தெரியும்.

மதிப்பீட்டுக்கு

1. ஒரு கடையில் டி டிரைவிலும், அதே கணினியில் எப்போதும் செருகியுள்ள பென் டிரைவிலும் நகல் இருக்கிறது. ‘மூன்று, இரண்டு, ஒன்று’ விதிப்படி என்ன குறை?
2. காப்பு நகல், ஆவணக் காப்பு: உங்கள் வீட்டுத் தொழிலிலிருந்து தலா ஓர் எடுத்துக்காட்டு தருக.
3. 2024-25ஆம் நிதியாண்டின் ஜிஎஸ்டி கணக்கேடுகளை எதுவரை பாதுகாக்க வேண்டும்? ஆண்டறிக்கையின் கடைசித் தேதியை 2025 டிசம்பர் 31 எனக் கொள்க.
4. மீட்டெடுத்த கணக்கு சரியானதுதான் என்பதை எந்த மூன்று எண்களைக் கொண்டு உறுதி செய்வீர்கள்? ஏன் ஒன்று போதாது?
5. உங்கள் ஊரில் உள்ள ஒரு கடைக்காரரிடம், கடைசியாக எடுத்த நகலை எப்போது திறந்து பார்த்தார் என்று கேட்டு, அவர் சொன்னதைப் பத்து வரிகளில் எழுதுக.

ஐந்தாவது வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ‘திறந்தே பார்த்ததில்லை’ என்ற பதிலோடுதான் பெரும்பாலான தாள்கள் திரும்பி வந்தன.

அவள் கொண்டுவந்த நோட்டு

இந்த ஆண்டு மீட்டெடுப்பு நாளுக்கு அந்த முன்னாள் மாணவியை வகுப்புக்கு அழைத்தேன். வருவாளோ என்று தயங்கினேன். தன் தவறைப் பிள்ளைகள் முன் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? வந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, எந்த நிறுவனம், எந்த டிரைவ், இருப்பாய்வு மொத்தம், கடைசிச் சீட்டு எண், ஒரு வாடிக்கையாளர் நிலுவை, கையொப்பம் என்று கோடு போட்டிருந்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, கடை மூடிய பிறகு, வீட்டு மடிக்கணினியில் மீட்டுப் பார்த்து ஒரு வரி எழுதுகிறாள். ஒரே ஒரு மாதம் சிவப்பு மையில் இருந்தது. அன்று நகல் திறக்கவில்லையாம். அன்றே வேறு டிரைவ் வாங்கி மறுபடி எடுத்திருக்கிறாள்.

“சிவப்புல எழுதுற அன்னிக்குத்தான் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு” என்று பிள்ளைகளிடம் சொன்னாள். “ஏன்னா அன்னிக்குக் கம்ப்யூட்டர் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

அவளை வழியனுப்பும்போது, கடை முதலாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “முன்னெல்லாம் ‘பேக்கப் எடுத்தியா’ன்னு கேப்பாருங்க டீச்சர். இப்ப ‘திறந்து பாத்தியா’ன்னு கேக்குறாரு” என்றாள்.

என் குறிப்பேட்டில் இப்போது ஆறு வரிகள் இருக்கின்றன. ஆறாவது வரியை அந்த முதலாளியின் கேள்வியாகவே எழுதி வைத்திருக்கிறேன்.